மாணவர் குழுவை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லப் பல்கலைக்கழக அனுமதி பெறுவது எப்படி? அமெரிக்காவில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினைந்து மாணவர்களை மூன்று வாரம் மதுரையில் தங்க வைத்து, தென்னிந்திய நகரங்களின் வரலாற்றை அந்த ஊரின் தெருக்களிலேயே கற்பிக்கலாம் என்று நான் எழுதிய முதல் முன்மொழிவு இருபத்திரண்டு பக்கம் இருந்தது. கீழடி அருங்காட்சியகம், திருமலை நாயக்கர் அரண்மனை, காந்தி நினைவு அருங்காட்சியகம், விளக்குத்தூண் கடைத்தெரு என ஒவ்வொரு நாளுக்கும் பாடமும் வாசிப்பும் குறித்திருந்தேன். நான் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் குழு அதைத் திருப்பி அனுப்பியபோது பாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பதினேழாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி மட்டும் இருந்தது: இரவு இரண்டு மணிக்கு ஒரு மாணவியை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தால், அவருடன் போவது யார், மற்ற பதினான்கு பேருடன் விடுதியில் இருப்பது யார்? என்னிடம் விடை இல்லை. அவசரத் தொடர்புக்கான கட்டத்தில் மதுரையில் இருக்கும் என் தம்பியின் கைப்பேசி எண்ணைத்தான் எழுதியிருந்தேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த அனுமதியைத் தருபவர்கள் உங்கள் பாடத்தின் தரத்தை எடைபோடுவதில்லை. அதை உங்கள் துறை ஏற்கெனவே செய்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஏதேனும் தவறு நேர்ந்தால் யார், எப்போது, எந்தப் பணத்தில், என்ன செய்வார் என்பதே அவர்கள் தேடும் விடை. கோப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த விடையை நோக்கி எழுதினால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். அலுவலகங்களின் பெயரும் படிவங்களின் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறினாலும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: துறைத்தலைவர், டீன் (பல துறைகள் அடங்கிய கல்லூரியின் தலைவர்), வெளிநாட்டுக் கல்வி அலுவலகம், இடர் மேலாண்மை அலுவலகம், சட்ட ஆலோசகர், இறுதியாகப் புரோவோஸ்ட் எனப்படும் தலைமைக் கல்வி அதிகாரி. எனக்கு நன்கு தெரிந்த மதுரைப் பயணத்தையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: நாள்காட்டி

பயணத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். ஜனவரியில் பயணம் என்றால் முந்தைய ஆண்டு ஜனவரியிலேயே முன்மொழிவு துறைத்தலைவரின் மேசையில் இருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் முன்மொழிவுகளை ஏற்கின்றன. அந்தத் தேதி தவறினால் ஓர் ஆண்டு போய்விடும். வெளிநாட்டுக் கல்வி அலுவலகத்தில் இதைக் கவனிக்கும் அலுவலரை, ஒரு பக்கம்கூட எழுதுவதற்கு முன்னால் நேரில் பார்த்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்த முன்மொழிவுகள் எதற்காகத் திரும்பின என்று கேளுங்கள். பெயர் சொல்ல மாட்டார்கள், ஆனால் காரணம் சொல்வார்கள்.

இரண்டாம் படி: முதலில் உங்கள் சொந்தத் தாள்களைப் பாருங்கள்

இதைப் பெரும்பாலான கையேடுகள் சொல்வதில்லை, ஏனென்றால் அவை அமெரிக்கக் குடிமக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம்மில் பலர் எச்-1பி என்னும் தற்காலிகப் பணி விசாவில் ஆசிரியப் பணியில் இருக்கிறோம். உங்கள் பணி அனுமதி செல்லுபடியாக இருந்தாலும், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் இந்தியாவிலிருந்து திரும்புவதற்குப் புதிய முத்திரை வேண்டும். நேர்காணல் இல்லாமல் டிராப் பாக்ஸ் வழியாகப் புதுப்பிக்கும் வசதி 2025 செப்டம்பர் 2 முதல் பெரும்பாலானவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது. அதே ஆண்டு டிசம்பரில், சமூக ஊடகக் கணக்குகளைப் பரிசோதிக்கும் நடைமுறை எச்-1பி விண்ணப்பதாரர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டபோது, இந்தியாவில் ஏற்கெனவே கிடைத்திருந்த பலரின் நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. ஊருக்குப் போய் ஸ்டாம்பிங்கை, அதாவது புதிய விசா முத்திரையை, முடித்துக்கொண்டு அப்படியே மாணவர்களோடு திரும்பிவிடலாம் என்ற கணக்கு, மாணவர்கள் மட்டும் விமானம் ஏறி, தலைவர் சென்னையில் நின்றுவிடுவதில் முடியலாம்.

எனவே முத்திரை செல்லுபடியாகும் ஆண்டில் மட்டுமே பயணக் குழுத் தலைவராக விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் அமெரிக்கக் குடியுரிமையோ பசுமை அட்டையோ உள்ள இணைத் தலைவர் ஒருவர் மாணவர்களைத் திருப்பி அழைத்து வருவார் என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். இதை மறைப்பதைவிட எழுதுவதே மதிப்பைத் தரும். குழுவுக்கு எப்படியும் தெரியவரும்.

மூன்றாம் படி: துறையின் ஒப்புதலும் மணிக்கணக்கும்

மூன்று கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) பாடம் என்றால் வளாகத்தில் பதினைந்து வாரம், வாரம் மூன்று வகுப்பு, வகுப்புக்கு 50 நிமிடம். கூட்டினால் 2,250 நிமிடங்கள், அதாவது முப்பத்தேழரை மணி நேரம். பயணப் பாடமும் இதற்கு ஈடான நேரத்தைக் காட்ட வேண்டும், வகுப்புக்கு வெளியே மாணவர் செய்யும் வேலை தனி. கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெறும் மாணவர்கள் பயணக் குழுவில் இருப்பார்கள் என்பதால் பதிவாளர் அலுவலகம் இதில் விட்டுக்கொடுக்காது.

இடங்களைப் பார்ப்பது முழு மணிக்கு முழு மணியாகக் கணக்கில் வருவது அரிது. வழிகாட்டலோடு நடக்கும் இரண்டு மணி நேரப் பார்வையை ஒரு வகுப்பு மணியாக எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம்; பேருந்தில் போகும் நேரம் கணக்கில் வராது. கீழடி நாளை நான் இப்படிக் காட்டினேன்: காலை விடுதியில் ஒரு மணி நேர விரிவுரை, தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போகும் பயணத்துக்குச் சுழி, அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரப் பார்வைக்கு ஒரு மணி, மாலையில் பானை ஓட்டுக் கீறல்களைப் பற்றிய கலந்துரையாடலுக்கு ஒரு மணி, மொத்தம் மூன்று. இப்படி நாளுக்கு ஒரு வரியாக அட்டவணை போட்டு, கடைசியில் கூட்டுத்தொகையை எழுதுங்கள். பயணத்துக்கு முன் வளாகத்தில் நடத்தும் வகுப்புகளையும் இதில் சேர்க்கலாம்.

மாணவர்கள் உள்ளூர் மக்களைப் பேட்டி காண்பதாக இருந்தால், மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்கான அறநெறிக் குழுவின் கருத்தை இப்போதே கேட்டுவிடுங்கள். வகுப்புப் பயிற்சி என்றால் பெரும்பாலும் விலக்குக் கிடைக்கும். கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் கிடைக்காது.

நான்காம் படி: ஊரும் பருவமும்

அமெரிக்கக் கோடைப் பருவம் மே நடுவில் தொடங்குகிறது. மதுரையில் அது கத்திரி வெயிலின் உச்சம். நாற்பது டிகிரியில், வெயிலுக்குப் பழகாத இருபது வயதுப் பிள்ளைகளைக் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடக்க வைப்பதாக எழுதினால், மருத்துவப் பின்னணி உள்ள குழு உறுப்பினர் ஒருவராவது தடுத்து நிறுத்துவார். டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை வானிலை இதம். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும்.

ஆனால் அங்கே பொங்கல் நிற்கிறது. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் பயணத்துக்கு 60 நாளுக்கு முன்பு மட்டுமே திறக்கிறது. பொங்கலையொட்டிய ரயில்களில் இடம் நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பது நமக்குத் தெரியும், குழுவுக்குத் தெரியாது. பதினேழு பேரை ஜனவரி 17-ஆம் தேதி மதுரையிலிருந்து சென்னைக்கு ரயிலில் கொண்டுவருவதாக எழுதிவிட்டு, பிறகு வேன்களில் இரவுப் பயணம் செய்ய நேர்ந்தால், நீங்கள் ஒப்புதல் பெற்ற திட்டத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பே திரும்பும்படி திட்டமிடுங்கள்.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகளைத் திட்டத்தில் சேர்க்க எல்லோருக்கும் ஆசை வரும். குழு உறுப்பினர் ஒருவர் இணையத்தில் அந்தச் சொல்லைத் தட்டினால் என்ன படங்கள் வரும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மனம் வராமல்தான் நான் அதை நீக்கினேன். சித்திரைத் திருவிழாவும் அப்படியே: 2022-இல் அழகர் ஆற்றில் இறங்கும்போது நெரிசலில் இரண்டு பேர் இறந்தனர், கூட்டத்தைப் பற்றித் தனித் திட்டம் இல்லாமல் அந்த நாளை எழுதாதீர்கள்.

ஐந்தாம் படி: பயண எச்சரிக்கை நிலை

அமெரிக்க வெளியுறவுத் துறை நாடுகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை நிலை வகுக்கிறது. ஒன்று வழக்கமான எச்சரிக்கை, இரண்டு கூடுதல் எச்சரிக்கை, மூன்று பயணத்தை மறுபரிசீலனை செய்க, நான்கு போக வேண்டாம். இந்தியா வழக்கமாக இரண்டில் இருக்கும்; ஜம்மு காஷ்மீரின் பெரும்பகுதி போன்ற சில இடங்கள் மட்டும் நான்கில். 2021 ஏப்ரல் இறுதியில் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் நாடு முழுவதுமே நான்குக்கு ஏறியது.

இரண்டாம் நிலைக்குப் பெரும்பாலும் வழக்கமான ஒப்புதல் போதும். மூன்று, நான்கு என்றால் தனிக் குழுவிடம் விலக்குக் கோர வேண்டும், பல இடங்களில் இளநிலை மாணவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. நாட்டின் மொத்த நிலையை மட்டும் எழுதாமல், நீங்கள் போகும் ஊர் எச்சரிக்கைப் பட்டியலில் உள்ள இடங்களிலிருந்து எவ்வளவு தொலைவு என்று வரைபடத்தோடு காட்டுங்கள். மதுரைக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே உள்ள தூரம் இந்தியர் அல்லாதவருக்கு உறைப்பதில்லை. புறப்படுவதற்கு முன் நிலை உயர்ந்தால் எந்தத் தேதிக்குள் ரத்து செய்வோம், பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

ஆறாம் படி: பணக்கணக்கு

இரண்டு தலைவர்களின் விமானக் கட்டணம், அறை, வேன் வாடகை, வகுப்பறை, சிறப்பு விரிவுரையாளர் ஆகிய நிலையான செலவுகள் மொத்தம் 24,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு மாணவர் சேர்ந்தால் தலைக்கு 1,500. பத்துப் பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் 2,400. பலர் பதினாறைக் கணக்கில் வைத்துக் கட்டணத்தை அறிவித்துவிட்டு, பத்துப் பேர் வந்ததும் துறையின் கையை எதிர்பார்க்கிறார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கையை வைத்தே விலையை நிர்ணயியுங்கள். அந்த எண்ணிக்கை எந்தத் தேதிக்குள் சேராவிட்டால் பயணம் ரத்தாகும் என்றும் எழுதுங்கள். அதன்மேல் எதிர்பாராச் செலவுக்காகப் பத்து விழுக்காடு வையுங்கள். ரூபாய் மதிப்பு மாறுவது பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும், விமானக் கட்டணம் அப்படியல்ல.

நிதியுதவியையும் ஒரு பத்தியில் குறிப்பிடுங்கள். குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகையைப் பெறும் இளநிலை மாணவர்களான அமெரிக்கக் குடிமக்கள், வெளிநாட்டுக் கல்விக்கான கில்மன் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அது 5,000 டாலர் வரை கிடைக்கும். வசதியுள்ள பிள்ளைகள் மட்டுமே வரக்கூடிய பயணமா என்பதை டீன் கட்டாயம் கேட்பார்.

கையில் பணம் என்பது தனிச் சிக்கல். பல்கலைக்கழக அட்டை நட்சத்திர விடுதியில் செல்லும்; இளநீர்க்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் செல்லாது, அவர்கள் யுபிஐ கேட்பார்கள். முன்பணம் வாங்கிச் செல்வதாக இருந்தால், பில் இல்லாத செலவுகளுக்கு நாள், தொகை, காரணம், இரண்டு தலைவர்களின் கையொப்பம் என்று ஒரு குறிப்பேடு போதுமா எனக் கணக்குப் பிரிவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 10,000 டாலருக்கு மேல் எடுத்துச் சென்றால் புறப்படும்போது அமெரிக்கச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது நோட்டாக 5,000 டாலருக்கு மேல் இருந்தாலே அறிவிப்புப் படிவம் உண்டு.

ஏழாம் படி: சொந்தபந்தமும் கையொப்பமும்

வேன் யாருடையது என்று குழு கேட்டது. என் மச்சானுடையது என்று சொன்னேன். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நம் ஊரில் நம்பகமான வேன் என்றால் தெரிந்தவர் வேன்தான்; அதைவிடப் பெரிய உத்தரவாதம் ஏது? ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கண்ணில் அது நலன் முரண்பாடு: மாணவர்கள் கட்டும் பணம் ஆசிரியரின் குடும்பத்துக்குப் போகிறது. உறவினரின் விடுதி, நண்பரின் டிராவல்ஸ், சித்தப்பா நடத்தும் கல்லூரி எதுவாக இருந்தாலும் முதலிலேயே வெளிப்படுத்துங்கள். மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கி, வண்டியின் காப்பீடு, தகுதிச் சான்று, ஓட்டுநரின் உரிமம், எல்லா இருக்கைகளிலும் சீட் பெல்ட் இருப்பதற்கான புகைப்படம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் மச்சான் வண்டிதான் சிறந்தது என்றால் குழுவே அதைத் தேர்ந்தெடுக்கட்டும். என் விஷயத்தில் பின் இருக்கைகளில் சீட் பெல்ட் இல்லை. கதை அங்கேயே முடிந்தது.

குடும்பத்தை அழைத்துச் செல்வதும் இதே தலைப்பில்தான் வரும். பிள்ளைகளை அப்படியே பாட்டி வீட்டில் விட்டுவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உடன் வருபவர்களுக்குத் தனி ஒப்புதலும் தனிக் காப்பீடும் தேவை. மாணவர்களின் கட்டணத்தில் ஒரு காசும் அவர்களுக்குப் போகக் கூடாது. நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் இரவில் உங்கள் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

எந்தத் தாளிலும் நீங்களே கையொப்பம் இடாதீர்கள். விடுதி ஒப்பந்தம், மதுரைக் கல்லூரியோடு செய்யும் புரிந்துணர்வு ஒப்பந்தம், பேருந்து முன்பதிவு எதிலும் பல்கலைக்கழகத்தின் பெயரால் கையொப்பமிடும் அதிகாரம் ஆசிரியருக்குக் கிடையாது. இட்டால் அது உங்கள் தனிப்பட்ட கடன். அரசுப் பல்கலைக்கழகங்கள் பல, மற்றவரின் இழப்பை ஈடுசெய்கிறோம் என்ற வாசகத்தை மாநிலச் சட்டப்படி ஏற்க முடியாது. இந்திய ஒப்பந்தங்களில் அந்த வாசகம் வழக்கமாக இருக்கும். அந்த ஒரு பத்திக்காக இரு பக்கச் சட்ட அலுவலகங்களும் மூன்று மாதம் மின்னஞ்சல் பரிமாறிக்கொள்ளும், ஆகவே ஒப்பந்த வரைவை முன்மொழிவோடு சேர்த்தே அனுப்புங்கள்.

எட்டாம் படி: இடர்த் திட்டம்

கோப்பின் இதயம் இதுதான், மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் இதற்குத் தேவை. ஓரத்தில் எழுதப்பட்டிருந்த அந்தக் கேள்விக்கு நேரடி விடையாக இதைத் தொடங்குங்கள்: முதல் தலைவர் மாணவியுடன் மருத்துவமனைக்குப் போகிறார், இரண்டாம் தலைவர் விடுதியில் இருக்கிறார், மதுரைக் கல்லூரியில் பொறுப்பேற்றுள்ள ஒருங்கிணைப்பாளர் அரை மணி நேரத்தில் விடுதிக்கு வருகிறார். இரண்டு தலைவர்கள் இல்லாத முன்மொழிவை எழுதவே வேண்டாம். அவர்களில் ஒருவருக்காவது தமிழ் பேச வரும் என்பதைப் பெரிய பலமாக எழுதுங்கள், ஆனால் தமிழ் தெரிந்த தலைவரே நோயில் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள்.

மருத்துவமனையின் பெயர், விடுதியிலிருந்து தூரம், அவசரப் பிரிவின் எண், 108 ஆம்புலன்ஸ், பொது அவசர எண் 112 ஆகியவை ஒரு பக்கத்தில் இருக்கட்டும். தனியார் மருத்துவமனைகள் உள்நோயாளியாகச் சேர்க்கும்போதே முன்பணம் கேட்கும். காப்பீட்டு நிறுவனத்தின் கட்டண உறுதிக் கடிதம் வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம். அந்த இடைவெளியில் யாருடைய அட்டை தேய்க்கப்படும், அதன் வரம்பு எவ்வளவு என்பதை எழுதியிருந்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எழுதினால் குழு நிமிர்ந்து உட்காரும். காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றமும் (நோயாளியைச் சிகிச்சைக்காக வேறிடம் கொண்டுசெல்வது), இறப்பு நேர்ந்தால் உடலைக் கொண்டுவரும் செலவும் அடங்க வேண்டும். இதை எழுதக் கை கூசும், ஆனாலும் எழுத வேண்டும்.

நேர வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். மதுரையில் இரவு இரண்டு மணி என்பது ஜனவரியில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் முந்தைய நாள் மாலை மூன்றரை. அலுவலகம் திறந்திருக்கும், உடனே ஆள் கிடைப்பார். உண்மையில் ஆபத்தான நேரம் மதுரையின் பிற்பகல் இரண்டு மணிதான், அப்போது அங்கே விடியற்காலை மூன்றரை. ஆகவே இருபத்துநான்கு மணி நேரமும் எடுக்கப்படும் எண், பெரும்பாலும் வளாகக் காவல்துறையின் எண், கோப்பில் இருக்க வேண்டும்.

தொடர்புத் திட்டத்தில் உள்ளூர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த ஓர் ஓட்டை உண்டு. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை வந்துவிட்டது. பதினைந்து பேரும் கைப்பேசிகளை வெளியே ஒப்படைத்துவிட்டு உள்ளே போகும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் வாட்ஸ்அப் குழுவால் எந்தப் பயனும் இல்லை. மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொருவரிடமும் அச்சிட்ட அட்டை கொடுத்து, பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டில் இன்ன நேரத்துக்குக் கூட வேண்டும், தவறினால் கிழக்குக் கோபுர வாசல் என்று எழுதினேன். அந்த ஒரு பத்தியைக் காட்டித்தான் இடர் மேலாண்மை அலுவலர், இவருக்கு இடம் தெரியும் என்று குழுவிடம் சொன்னார். கருவறைப் பகுதிக்குள் இந்துக்கள் அல்லாதவர்கள் போக முடியாது என்பதையும் முன்பே எழுதி, மாணவர்களிடமும் சொல்லிவிடுங்கள்; வாசலில் வைத்துப் பிரிக்கப்படுவது மாணவருக்கு அவமானமாகப் படும்.

சாலைப் பயணத்தைப் பொறுத்தவரை, இருட்டிய பிறகு ஊர்விட்டு ஊர் போக மாட்டோம் என்ற ஒரு வரி பல கேள்விகளைத் தவிர்க்கும். சென்னையிலிருந்து மதுரைக்குப் பகலில் வைகையோ தேஜஸோ போதும். பாண்டியனில் இரவெல்லாம் படுத்துக்கொண்டு போவதன் சுகத்தைக் குழுவுக்கு விளக்கிப் புரியவைக்க முடியாது. வார இறுதியில் மாணவர்கள் தாமாக எங்கே போகலாம், இருசக்கர வாகனம் வாடகைக்கு எடுக்கலாமா, கடலில் குளிக்கலாமா என்பவற்றுக்குத் தெளிவான விதி வையுங்கள். மது அருந்தும் சட்ட வயது தமிழ்நாட்டிலும் 21 என்பதால் அங்கே வாதத்துக்கு இடமில்லை.

தடுப்பூசிக்குப் பயண மருத்துவரைப் புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன் பார்க்கச் சொல்லுங்கள்: டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் பொதுவானவை; தெருநாய்களையும் அழகர்கோயில் குரங்குகளையும் நினைத்தால் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசியைப் பற்றியும் கேட்கலாம். மருந்துகளில் எச்சரிக்கை தேவை. அமெரிக்க மாணவர்கள் பலர் கவனக்குறைபாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள் இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. மாற்று மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேச நேரம் வேண்டும் என்பதால் இதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை. தொலைதூரப் பயணக் குழுக்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் செயற்கைக்கோள் தொலைபேசியை வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுபோவது குற்றம்.

ஒரு நுட்பம்: மாணவரின் உடல்நிலை, மனநிலை பற்றிய கேள்விகளைத் தேர்வு முடிந்து இடம் உறுதியான பிறகே கேட்க வேண்டும். விண்ணப்பப் படிவத்திலேயே கேட்டால் மாற்றுத்திறனாளிகளைத் தவிர்ப்பதாகப் பொருள்படும், சட்ட அலுவலகம் படிவத்தையே நிறுத்திவிடும்.

விடுதியின் பெயரும் தங்கும் தேதிகளும் ஏன் இவ்வளவு துல்லியமாகக் கேட்கப்படுகின்றன என்று எரிச்சல் வரலாம். வளாகக் குற்றங்களைக் கணக்கில் காட்டச் சொல்லும் 1990-ஆம் ஆண்டின் கிளெரி சட்டத்துக்காகப் பல்கலைக்கழகங்கள் இந்தத் தகவலைச் சேர்க்கின்றன. பாலியல் தொல்லை பற்றி மாணவர் உங்களிடம் சொன்னால் அதை மேலே தெரிவிக்கும் கடமை வெளிநாட்டிலும் உங்களை விடாது என்று வைத்துக்கொண்டு, யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் என்று அலுவலகத்திடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: மாணவர்களின் விசா

எல்லோரும் மின்னணுச் சுற்றுலா விசா எடுத்தால் போதும் என்று எழுதாதீர்கள். அந்த விசாவில் மொழி, இசை, நடனம், சமையல் போன்ற குறுகிய கால வகுப்புகளுக்கு இடமுண்டு, ஆனால் அவை முறையான பாடத்திட்டமாக இருக்கக் கூடாது, தகுதிச் சான்றிதழும் தரக் கூடாது. மூன்று கிரெடிட் பாடம் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதை நீங்களே முடிவு செய்யாமல், வெளிநாட்டுக் கல்வி அலுவலகத்தின் மூலம் இந்தியத் துணைத் தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

பாகிஸ்தான் பூர்வீகமுள்ள மாணவர் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் மின்னணு விசா பெற முடியாது. வழக்கமான விசாவுக்கு நீண்ட காலம் ஆகும். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கும். 2021 மார்ச் 4 அறிவிக்கையின்படி ஆய்வு செய்வதற்கும் இதழியல் பணிக்கும் அவர்களுக்கும் தனி அனுமதி தேவை. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பயணக் கையொப்பம் ஓர் ஆண்டுக்குள் போடப்பட்டதாக இருக்க வேண்டும். அவர்களின் அமெரிக்க விசா முத்திரைக்கும் உங்களுடையதைப் போன்றே சோதனை. பாஸ்போர்ட் அனைவருக்கும் ஆறு மாதம் செல்லுபடியாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்கட்டும். வெளிநாட்டவர் தங்கினால் விடுதியோ வீட்டுக்காரரோ 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு அதற்கான படிவத்தை (படிவம் சி என்று வழங்கிவந்தது) அனுப்ப வேண்டும் என்பதால், வீடுகளில் தங்க வைக்கும் எண்ணம் இருந்தால் அந்தக் குடும்பம் இதற்குத் தயாரா என்று கேட்டுவிடுங்கள்.

பத்தாம் படி: ஒப்புதல் கிடைத்த பிறகு

ஒப்புதல் கடிதத்தை முழுமையாகப் படியுங்கள். அது பெரும்பாலும் நிபந்தனையோடு வரும். குறைந்தபட்ச எண்ணிக்கை, தலைவர்களுக்கான முதலுதவிப் பயிற்சி, மாணவர்களின் கையொப்பமிட்ட நடத்தை ஒப்பந்தம், வெளிநாடு செல்வோர் தங்கள் விவரத்தை வெளியுறவுத் துறைக்குத் தரும் ஸ்டெப் பதிவு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தேதி இருக்கும். மாணவர் கூட்டங்களை மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று தாள்களுக்கு, ஒன்று உடல்நலத்துக்கு, ஒன்று ஊரின் பழக்கவழக்கத்துக்கு. மூன்றாவதில் ஓர் ஒத்திகை நடத்துங்கள். கைப்பேசியும் பாஸ்போர்ட்டும் தொலைந்துவிட்டன, இப்போது என்ன செய்வாய் என்று ஒரு மாணவரை எழுப்பிக் கேளுங்கள்.

எங்கள் பயணத்தில் ஒரு மாணவர் பாஸ்போர்ட்டைத் தொலைத்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலையில். அமெரிக்கத் துணைத் தூதரகம் சென்னை அண்ணா சாலையில், மதுரையிலிருந்து நானூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்க விடுமுறைகளோடு இந்திய விடுமுறைகள் சிலவற்றிலும் மூடியிருக்கும். காவல் நிலையப் புகாரின் நகல், அவசர பாஸ்போர்ட், அதன்பின் பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்ட விசாவுக்குப் பதிலாக வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதி என்று மூன்று கட்டங்கள். இணைத் தலைவர் அவருடன் சென்னைக்குப் போனார், நான் மதுரையில் மற்றவர்களோடு இருந்தேன். எட்டாம் படியில் எழுதியது ஒவ்வொரு வரியாக நடந்தது. புறப்படுமுன் எல்லோரின் பாஸ்போர்ட், விசா நகல்களையும் மறைகுறியாக்கிய கோப்பில் வைத்திருந்ததால் இரண்டு நாள் மிச்சமானது.

திரும்பி வந்த பின்

முப்பது நாளுக்குள் கணக்கை முடியுங்கள். இதற்கான கெடு பல இடங்களில் இன்னும் குறைவு. நிகழ்வுக் குறிப்பேட்டில் சிறு வயிற்றுவலி வரை எல்லாவற்றையும் தேதியோடு எழுதி இடர் மேலாண்மை அலுவலகத்திடம் கொடுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று வெற்றுத் தாளைக் கொடுப்பவரை அவர்கள் நம்புவதில்லை. பாஸ்போர்ட் தொலைந்த கதையை மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். மறு ஆண்டு என் முன்மொழிவு திரும்பி வரவில்லை. அவசரத் தொடர்புக்கான கட்டத்தில் என் தம்பியின் எண் இன்றும் இருக்கிறது, ஆறாவது வரியில்.